நட்சத்திரம் வெளியே, முகம் உள்ளே

பூனாகலை,
1909 பெப்ரவரி 8.

அன்புள்ள சிவஞானத்துக்கு,

உன் கூட்டாளி புவாத் எழுதிக்கொள்வது. இங்கே மழை நலம், கொழுந்து நலம், என் என்ஜினும் நலம். மனிதர்கள்தான் நலமாக இல்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும். மஹ்ரூப் மச்சானைப் பிடித்துப் பதுளையில் மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கள்ளக்காசு வைத்திருந்தார் என்று வழக்கு. எந்தக் காசு என்று கேட்பாய். அவருக்கும் என் தங்கை ஹம்ஸியாவுக்கும் கல்யாணம் நடந்த அன்று, கூடப் பிறக்காவிட்டால் என்ன, அண்ணன் சீர் வைக்காமல் விடமாட்டேன் என்று வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாயே, அந்த நட்சத்திரக் காசு.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் பதுளைக் கடைத்தெருவில் கள்ளப் பவுண்கள் நடமாடின. உள்ளே ஏதோ மட்ட உலோகம், மேலே தங்க முலாம். பொலிஸ் ஒவ்வொரு நகைப் பட்டறையாகப் புகுந்து தேடியது. பொன்னையா பத்தரின் பட்டறையில் ஹம்ஸியாவின் பவுண் மாலை இருந்தது. நடுக்காசை மாலையில் கோக்கும் காது விட்டுப்போனதால் மறுபடி பற்றவைக்கக் கொடுத்திருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். விசேஷத்துக்குள் மாலை வேண்டும் என்று உம்மா அவசரப்படுத்தினார். இன்ஸ்பெக்டர் காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். மற்றதெல்லாம் ராணி தலை, ராஜா தலை. நடுக்காசில் மட்டும் கூந்தலை விரித்துவிட்ட ஒரு பெண், அவளைச் சுற்றி எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒன்று. மறுபக்கம் பெரிய ஐந்துமுனை நட்சத்திரம். அமெரிக்கக் காசு, நாலு டாலர் என்று அதிலேயே போட்டிருக்கிறது. கொழும்புக்குத் தந்தியடித்துக் கேட்டார்களாம். அமெரிக்காவில் நாலு டாலர் என்று ஒரு காசே புழக்கத்தில் கிடையாது என்று பதில் வந்ததாம். இல்லாத காசு கள்ளக்காசுதானே என்பது இன்ஸ்பெக்டரின் நியாயம்.

நம்மில் ஒருவர்கூட அந்த எழுத்தை வாசித்ததில்லை. காரணம் உனக்கே தெரியும். தொழுகிற பிள்ளையின் நெஞ்சில் உருவம் முன்னால் நிற்கக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். பவுண்களில் இரண்டு பக்கமும் உருவம், அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உன் காசில் ஒரு பக்கம் நட்சத்திரம் இருக்கக் கண்டதும் அதையே நடுக்காசாக்கி, நட்சத்திரம் வெளியே, முகம் உள்ளே என்று கோத்துவிட்டார். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணின் முகம் ஹம்ஸியாவின் உடம்போடு உரசி உரசிக் கன்னம் வழுவழுத்துப் போயிருக்கிறது.

காசைப் பிடித்தவுடன் பேசாமல் இருந்திருக்கலாம் நம் மச்சான். இருப்பாரா? துணிக்கடையைப் பூட்டிவிட்டு, நல்ல தொப்பியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, நேரே பொலிசுக்குப் போய், அது என் பெண்சாதியின்ட மாலை, தாங்க என்று கையை நீட்டியிருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால், கல்யாணத்தில் வந்தது என்கிறார். கல்யாணத்தில் யார் என்றால் வாயைத் திறப்பதில்லை.

காவல்காரன் நகர்ந்த நேரம் பார்த்து, நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டேன். சிவஞானம் கொடுத்தது, அவன் கொஸ்லந்தையில் கிளாக்கராக இருந்தபோது தோட்டத்துத் தாடித் துரை அவனுக்குக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றேன். மச்சான் கேட்கவில்லை. அவன் கடல் கடந்து போய்ப் புது வேலையில் உட்கார்ந்திருக்கிறான், பொலிஸ் கடுதாசி அங்கே போனால் அவனுடைய துரை என்ன நினைப்பான், முதலில் அவனிடம் கேள், அதுவரை அவன் பெயர் உன் வாயில் வரக் கூடாது என்று எனக்கே உத்தரவு போட்டார். இந்த மனுஷனுக்கு மரியாதை என்று ஒரு வியாதி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். தாடித் துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குப் புறப்படும்போது, உன் உழைப்புக்காகத் தன் காசுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார் என்று கல்யாண வீட்டில் சொன்னாயே, அதையே இங்கிலீஷில் எழுதி, நீ இருக்கும் கிள்ளானில் ஒரு நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பு. உன் எழுத்து அழகுக்கு ஒரு பக்கம் போதும். முதலில் ஒரு தந்தி அடித்துவிடு, தபால் பிறகு வரட்டும். இது அரைமணி நேர வேலை, அதைத் தாண்டிப் போகாது.

ஹம்ஸியா சாப்பாட்டுச் சட்டியோடு தினமும் மறியல் வாசலில் நிற்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி நடக்காதே என்றால் கேட்பதில்லை. அந்த வீட்டில் யார்தான் நான் சொல்வதைக் கேட்கிறார்கள்? நீயாவது கேள்.

ஆண்டவன் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

உன்,
புவாத்.


பூனாகலை,
1909 மார்ச் 10.

சிவஞானம்,

உன் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நான் எழுதுமுன்பே நீ போட்டது, இரண்டும் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. றப்பர் மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், அங்கத்து மீனைப் பற்றி எழுதியிருக்கிறாய், கடைசியில் தங்கச்சி காசு மாலை போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை ஹம்ஸியாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளாகவே எடுத்து வாசித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இன்ஸ்பெக்டரின் கையில் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணின் முகத்தைச் சுற்றி இருப்பதை அவர் பூதக்கண்ணாடி வைத்து வாசித்திருக்கிறார். அது மந்திரமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. ஆறு கிராம் தங்கம், பத்தில் மூன்று கிராம் வெள்ளி, பத்தில் ஏழு கிராம் செம்பு, ஆக மொத்தம் ஏழு கிராம் என்று எழுதியிருக்கிறது. சமையல் குறிப்பைத் தன் முகத்தைச் சுற்றித் தானே எழுதி வைத்திருக்கும் காசை நான் கேள்விப்பட்டதில்லை. பொன்னையா பத்தரைக் கூப்பிட்டு உரைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் உரைகல்லில் இழுத்துப் பார்த்து, எழுதியிருக்கிற மாற்று வேறே, கல்லு சொல்ற மாற்று வேறேங்க என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். எழுத்தும் பொன்னும் ஒத்துப்போகவில்லை, ஆகவே கள்ளக்காசு என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எவ்வளவு வித்தியாசம், எந்தப் பக்கம் வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தலை கொதித்தது.

போய் நின்றேன். நான் நிறுத்துக் காட்டுகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் என் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து, தம்பி, நீ தேயிலை நிறுக்கிற ஆளா, தங்கம் நிறுக்கிற ஆளா என்று கேட்டார். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். சிரித்தார், ஆனால் விட்டார். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி மருந்து நிறுக்கும் கண்ணாடிப் பெட்டித் தராசைக் கேட்டு வாங்கினேன். முதலில் காசைக் காற்றில் நிறுத்தேன். பிறகு ஒரு குதிரை மயிரில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன். தண்ணீரில் எவ்வளவு எடை குறைகிறதோ அதுதான் அந்தக் காசு அடைத்துக்கொள்ளும் இடம். அதே எடை சின்ன இடத்தில் அடங்கினால் தங்கம் கூட, அதிக இடம் பிடித்தால் கலப்பு கூட. காது ஏற்கனவே விட்டுப்போனது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் அதையும் கழித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

கணக்கு என்ன சொன்னது தெரியுமா? எழுதியிருப்பதைக் காட்டிலும் தங்கம் அதிகம். குறைவு இல்லையடா, அதிகம்! பற்றவைத்த தழும்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தும் அதிகம். அப்போதிக்கரி தானே இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்தார், அதேதான். நான் இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே கேட்டேன். கள்ளன் தங்கத்தைக் குறைப்பானா, சொன்னதைவிடக் கூட்டிப் போடுவானா? யாரும் கேள்விப்படாத நாலு டாலரை அடித்து, அதைக் கடையில் மாற்றப் பார்ப்பானா? சரி, கள்ளக்காசு இல்லை, அப்படியென்றால் இது என்ன காசு என்று அவர் கேட்டார்.

பதில் தேடித்தான் அப்புத்தளைக்குப் போனேன். அங்கே கண்ணாடித் துரை என்று ஒருவர், பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை நான் திருத்திக் கொடுத்த பழக்கம். அவருக்கும் உன் தாடித் துரை மாதிரிக் காசுப் பைத்தியம். எடை பார்த்த அன்றே காசின் மேல் மெல்லிய கடுதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு பக்கமும் அச்செடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். துரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். புது என்ஜினை வேலைக்கு விடுமுன் வெள்ளோட்டம் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல நாணயசாலையிலும் புதுக் காசை வெளியில் விடுமுன் கொஞ்சம் அடித்துப் பார்ப்பார்களாம். இது அப்படி ஒரு வெள்ளோட்டக் காசு. முப்பது வருஷத்துக்கு முன்னால், எந்தத் தேசத்துக்குப் போனாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு தங்கக் காசு வேண்டும் என்று அமெரிக்காவில் யோசித்தார்களாம். என்ன கலந்திருக்கிறது என்று எல்லாத் தேசத்தாரும் அறியட்டும் என்றுதான் கலவையை முகத்தைச் சுற்றிப் பொறித்தார்கள். பெரிய மனிதர்களிடம் காட்டச் சில நூறு அடித்தார்கள். திட்டம் அதோடு நின்றது. எல்லா ஊரிலும் செல்ல வேண்டும் என்று பிறந்த காசு எந்த ஊரிலும் செல்லாமல் போய்விட்டது. எழுதிய கலவைதான் உள்ளே இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது, வெள்ளோட்டத்துக்குக் கையில் கிடைத்த வழக்கமான தங்கத்தை உபயோகித்திருப்பார்கள், உன் தராசு சொன்னதை நான் நம்புகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பம்பை ஆயுளுக்கும் திருத்திக் கொடுக்கலாம்.

காசு சேர்க்கிறவர்களுக்குள் இதைப் பற்றி இரண்டு கட்சியாம். ஒரு கட்சி, ஒரு நாளும் கைமாறாத காசு காசே இல்லை என்கிறதாம். இன்னொரு கட்சி, ஆயிரம் கை பட்ட காசு எங்கேயும் கிடைக்கும், கை படாத இதுதான் கிடைக்காது என்று தனித் தட்டில் வைத்து மூடுகிறதாம். விரல் ரேகை விழக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், புளி போட்டுத் துலக்கினால் பாதி உயிர் போய்விடும், காது பற்றவைத்தால் முழு உயிரும் போய்விடும் என்றார். அமெரிக்காவிலேயே சிலதைப் பெண்கள் கழுத்தில் கட்டிக்கொண்டதாகக் கேள்வி என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் உம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் புளி போட்டுத் துலக்குவதை நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் துரையே பதுளைக்கு வந்து இன்ஸ்பெக்டரிடம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மச்சான் வெளியே வந்துவிடுவார் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் மனதில் முள்ளாகக் கிடக்கிறது. இந்த ஊவா மாகாணத்தில் இப்படி ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன், கொஸ்லந்தையில் தாடித் துரையின் பெட்டியில் என்று அவர் சொன்னார். அதேதான் துரை, அதுவேதான் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் கையில் சேர்ந்தது என்று எனக்கு ஒப்பச் சீட்டு திரும்பி வரும். துரை கொடுத்த கதையை உடனே எழுது. இனி அதற்குத் தேவையில்லாமல்கூடப் போகலாம். ஆனாலும் எழுது. எனக்காக எழுது.

அவசரத்தில்,
புவாத்.


பூனாகலை,
1909 ஏப்ரல் 14.

சிவஞானத்துக்கு,

ஒப்பச் சீட்டு வந்துவிட்டது. உன் கையெழுத்து, அதே வளைவான ‘சி’, தேதியோடு. வேறு ஓர் எழுத்து இல்லை. இரண்டு மாதமாகக் காத்திருந்து உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது உன் பெயர் மட்டும். ஆக, என் கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. நீ உயிரோடு இருக்கிறாய். எழுதக் கை இருக்கிறது. பேனா இருக்கிறது.

இங்கே என்ன ஆயிற்று என்று கேள். கண்ணாடித் துரை சொன்ன சொல் தவறாமல் வந்தார். காசைப் பூப்போல ஓரத்தில் பிடித்துப் பார்த்து, உண்மையான காசு, வெள்ளோட்டக் காசு, இந்தத் தீவில் இன்னொன்று இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போலிருந்தது. பிறகு வேலைக்காரனைக் கூப்பிட்டு வாசலில் நின்ற கோச்சு வண்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவரச் சொன்னார். தாடித் துரை சீமைக்குப் போகும்போது காசுப் பெட்டியை இவருக்கு விற்றுவிட்டுத்தான் போனாராம். அந்தப் பெட்டியின் கடைசித் தட்டு அது. பச்சை வெல்வெட்டில் வட்டம் வட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு. ஒரு குழி காலி. மூட்டை கட்டும்போது ஒன்று காணாமல் போய்விட்டது என்று தாடித் துரை அழாத குறையாகச் சொன்னாராம்.

இன்ஸ்பெக்டர் ஹம்ஸியாவின் காசை எடுத்து அந்தக் குழியில் வைத்தார். அளவு எடுத்து வெட்டியதுபோல உட்கார்ந்தது. உச்சியில் மட்டும், காது இருந்த தழும்பு இடித்துக்கொண்டு, ஒரு பக்கம் தூக்கலாக நின்றது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இன்ஸ்பெக்டர் என் தோளில் கை வைத்தார். நல்லாத்தான் நிரூபிச்சிட்டாய் தம்பி, இது கள்ளக்காசு இல்லை, இப்போ சொல்லு, இது யாருடைய காசு என்றார். அன்றைக்கே வழக்கை மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது மச்சான் மேல் இருப்பது கள்ளக்காசுக் குற்றம் இல்லை. களவுப் பொருளை வைத்திருந்த குற்றம். என் தராசும் என் குதிரை மயிரும் செய்த உபகாரம் இது.

மச்சான் இப்போதும் பெயர் சொல்லவில்லை. கல்யாணத்தில் வந்தது, அவ்வளவுதான். கடை பூட்டிக் கிடக்கிறது. மறியலில் இருமல் பிடித்து ஆள் பாதியாகிவிட்டார்.

பொன்னையா பத்தரைப் போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் என்னைக் கண்டதும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். தம்பி, காது வைக்கச் சொன்னது நீங்க யாரும் இல்லீங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே கிளாக்கர் ஐயாதான் கொண்டாந்தாரு என்றார். லேசா ஒரு பொட்டு வச்சாப் போதுமேன்னேன், இல்ல பத்தரே, நல்லா ஊறப் பற்றவைங்க, பின்னால யாரு எடுத்தாலும் தழும்பு போகக் கூடாதுன்னாரு, பொலிசுல நான் இதைச் சொல்லல, என்னைக் கேட்கவும் இல்ல என்றார்.

சிவஞானம், நான் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. நீ தட்டில் வைத்தபோதே அதில் காது இருந்தது. கூலியும் அவனே கொடுத்துவிட்டானே, நல்ல பிள்ளை என்று உம்மா சொன்னார். விரல் ரேகை விழக் கூடாது, ஓரத்தைப் பிடி என்று எனக்கு முதன்முதலில் சொன்னது கண்ணாடித் துரை இல்லை, நீ. தாடித் துரையின் பெட்டியைத் துடைத்து அடுக்கும் வேலை உன்னுடையது. ஒருநாள் ஆபீஸ் வாசலில் என்னிடம் சொன்னாய், இதெல்லாம் ஒரு பிடி அரிசிகூட வாங்காத காசு, துரையே இது காசு இல்லை, ஒத்திகை என்றுதான் சொல்கிறார், இருட்டுக்குள் கிடக்கப் பிறந்ததடா கரித்தலையா என்று. காது வைத்தால் அந்தக் காசு தட்டுக்குத் திரும்பவே முடியாது என்பது இந்த மாகாணத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இரண்டு துரைமார், மூன்றாவது நீ. தெரிந்துதான் நல்லா ஊறப் பற்றவை என்றாய்.

அதற்கு மேல் ஒரு சொல் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. இன்ஸ்பெக்டர் எழுதட்டும், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். எனக்குத் தெரிந்ததெல்லாம், தாய் தகப்பன் இல்லாமல் தோட்டக் கூலி லயத்திலிருந்து படித்து மேலே வந்தவன், எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவன், தங்கச்சி கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வர மனமில்லாமல் நின்றான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது நிலைமையைக் கேள். வழக்கு மே மாதம் முதல் கிழமை. காசை எடை பார்த்தவன் என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குர்ஆனில் கை வைத்துச் சொல்ல வேண்டும். யார் கொடுத்தது என்று கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன் சிவஞானம். உனக்காகக்கூடச் சொல்ல மாட்டேன், என்னால் முடியாது. அன்றைக்கு உன் பெயர் என் வாயிலிருந்து வரும். அதை மச்சானிடம் சொன்னேன். கம்பிக்கு உள்ளே இருந்து, அப்படியென்றால் சாட்சிக்கு வராதே, எங்கேயாவது ஓடு என்கிறார்! களவுக் கேசில் உள்ளே கிடக்கிற மனுஷன், வெளியே இருக்கிற என்னை ஓடச் சொல்கிறார். அவன் இரண்டு கையாலும் தட்டை ஏந்திக் கொடுத்தான், அப்படிக் கொடுத்தவனைக் காட்டிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து என்ன முகத்தோடு துணி விற்பேன் என்று கேட்கிறார். ஹம்ஸியா என்னோடு பேசி இரண்டு கிழமைக்கு மேல் ஆகிறது. நான் வீட்டுக்குள் போனால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

எல்லோரும் உன்னைக் காப்பாற்றுகிறார்கள், ஒருவர்கூட மச்சானைக் காப்பாற்றவில்லை. நானும் என்ன செய்வது என்று தெரியாமல் பொயிலருக்கு முன்னால் நிற்கிறேன். நேற்று அமுக்கம் ஏறுவதைக் கவனிக்காமல் நின்று டீமேக்கரிடம் வசை வாங்கினேன். எனக்கு இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கண்ணாடித் துரை சீமைக்கு எழுதிவிட்டார், அவர் எழுதாமல் இருக்கமாட்டார். ஆனால் நான் கெஞ்சியதில் தாடித் துரையின் விலாசத்தை எனக்குக் கொடுத்தார். தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ தாடித் துரைக்குத் தந்தியடி. இரண்டு மாதச் சம்பளம் போனாலும் நீளமாக அடி. உள்ளது உள்ளபடி சொல்லு. கல்யாணச் சீர் என்று சொல்லு, அவருக்குப் புரியாவிட்டாலும் சொல்லு. தழும்பு விழுந்த காசைக் காசு சேர்க்கிறவர் தட்டில் வைக்கமாட்டார். மனது வைத்தால், கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நீ ஊறப் பற்றவைத்த அந்தக் காதுதான் இனி நம்மைத் தூக்கிவிட வேண்டும்.

அவர் மனது வைக்காவிட்டால், வா. கப்பல் ஏறி வா. என் வாயிலிருந்து வந்தால் அது காட்டிக்கொடுத்தது. உன் வாயிலிருந்து வந்தால் அது நீ சொன்னது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை. நீ வந்து நின்றால் உன் பக்கத்தில் நான் நிற்பேன். தராசு தூக்கிய இதே கையால் உன் சாப்பாட்டுச் சட்டியைத் தூக்குவேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும்போது ஹம்ஸியா வந்து நிலைப்படியில் நின்றாள். அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது, நிற்கவே முடியவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. காசை அவங்க எடுத்துக்கொள்ளட்டும் நானா, எனக்கு வேணாம் என்று பழையபடி அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு, எழுதுறதெண்டா ஒண்டு எழுதுங்க, பிள்ளைக்கு மாமா ரெண்டு பேர் எண்டு எழுதுங்க என்றாள். உள்ளே போய்விட்டாள்.

எழுதிவிட்டேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். உன்னைப் படைத்தவன் உன் கால்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும். பண்டாரவளை ஸ்டேஷனில் கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலையும் நான் பார்க்கிறேன்.

பிள்ளையின் மாமாக்களில் ஒருவன்,
புவாத்.